வேப் காயில்: கழுவுவதா, எரிப்பதா, மாற்றுவதா?

பிரிட்டனில் 2025 ஜூன் 1 முதல், ஒருமுறை இழுத்துத் தீர்த்துவிட்டுத் தூக்கிப்போடும் வேப்களை, அதாவது மின் சிகரெட்டுகளை, விற்கக் கூடாது. அதுவரை அவற்றையே வாங்கிக்கொண்டிருந்த பலர் லிக்விட் ஊற்றி, அதைச் சூடாக்கும் காயிலை மாற்றிப் பயன்படுத்தும் கருவிகளுக்கு வந்துவிட்டார்கள். லண்டனில் நம் ஆட்களிடையேயும் இதே கதைதான். புதுக் கருவி கைக்கு வந்த சில நாளில் கேள்வியும் வந்துவிடும்: "கருகல் வாடை வருதே அண்ணா, காயிலைக் கழுவலாமா, தூக்கிப் போடணுமா?"

இதற்கு ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். வெந்நீரில் போடு என்பார் ஒருவர். வோட்காவில் ஊறவை என்பார் இன்னொருவர். நகை கழுவும் அல்ட்ராசோனிக் மெஷின் வாங்கு, காயிலைச் சிவக்கச் சிவக்க எரி என்றும் சொல்வார்கள். எல்லாமே ஏதோ ஓர் இடத்தில் சரியான யோசனைதான். எந்த அழுக்குக்கு எது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறியவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். புகைக்கும் பழக்கமே இல்லாதவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். பிரிட்டன் மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். சொல்வதும் அதைத்தான்: சிகரெட்டைவிடத் தீங்கு குறைவு, ஆனால் தீங்கே இல்லாதது அல்ல.

உள்ளே படிவது என்ன?

அட்டோமைசர் என்பது டேங்க், அதன் நடுவே காயில், காயிலைச் சுற்றியோ அதற்குள்ளேயோ பஞ்சு. பஞ்சு லிக்விடை உறிஞ்சுகிறது, காயில் அதைச் சூடாக்கி ஆவியாக்குகிறது. லிக்விடில் பெரும்பகுதி புரோப்பிலீன் கிளைக்காலும் தாவரக் கிளிசரினும். இவை இரண்டுமே தண்ணீரில் முழுக்கக் கரையும். ஆகவே டேங்கில் பிசுபிசுவென்று ஒட்டியிருப்பதைக் கழுவ வெறும் தண்ணீர் போதும்.

இரண்டாவது, வாசனை. மெந்தால், சோம்பு, காபி போன்ற வாசனைகள் கசிவைத் தடுக்கும் சிலிக்கோன் வளையங்களான ஓ-ரிங்குகளில் ஏறிக்கொண்டால் தண்ணீருக்கு அவ்வளவாக மசியாது.

மூன்றாவதுதான் தொல்லை பிடித்தது. காயில் மேல் கறுப்பாகப் படியும் கரி. இனிப்பு லிக்விடுகளில் சேர்க்கும் சுக்ரலோஸ் ஆவியாகிப் போகாமல் அங்கேயே தங்கிக் கருகுகிறது. வெல்லப்பாகு அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்த்தவர்களுக்கு இது எப்படிப்பட்ட அழுக்கு என்று நான் சொல்லத் தேவையில்லை. தண்ணீரில் கரையாது, சாராயத்திலும் கரையாது.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வெந்நீர்

டேங்குக்கு இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். பேட்டரியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு டேங்கைப் பாகம் பாகமாகக் கழற்றுங்கள். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, பத்து நிமிடம். அப்புறம் நன்றாக அலசிக் காய வைத்தால் ஆயிற்று. கண்ணாடி டேங்க் இந்தச் சூட்டைத் தாங்கும். பிளாஸ்டிக் டேங்க் என்றால் கொதிக்கிற நீர் வேண்டாம்.

காயிலுக்கும் இதையே செய்யலாமா? லண்டன் தண்ணீர் கடினநீர். ஈஸ்ட் ஹாம் வீடு எதிலாவது கெட்டிலைத் திறந்து அடியைப் பாருங்கள், வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு இருக்கும். அந்தத் தண்ணீரில் காயிலைப் போட்டுக் கொதிக்க வைத்தால் அதே படிவு கம்பி மேலும் பஞ்சுக்குள்ளும் ஏறும். கரி போகவில்லை, கூடவே சுண்ணாம்பும் சேர்ந்தது என்றாகிவிடும். கடைசி அலசலுக்காவது அயனி நீக்கிய நீர் வேண்டும். கார் பேட்டரிக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் ஊற்ற சூப்பர் மார்க்கெட்டில் விற்பது அதுதான்.

அதைவிடப் பெரிய சிக்கல் காய்வது. கடையில் வாங்கும் காயில்களில் பஞ்சு உலோகக் கூட்டுக்குள் இறுக்கி அடைக்கப்பட்டிருக்கும். வெளியே தொட்டால் காய்ந்தது போலிருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். அப்படியே பொருத்தி இழுத்தால் களகளவென்று சத்தம் வரும், சூடான துளிகள் வாயில் தெறிக்கும். ஒரு முழு நாளாவது காய வேண்டும், இரண்டு நாள் என்றால் நிம்மதி. இவ்வளவு பாடுபட்டும் சுவை கொஞ்சம்தான் தெளியும், அதுவும் சீக்கிரமே போய்விடும்.

சாராயம், ஸ்பிரிட்

வோட்காவில் நூற்றுக்கு நாற்பது பங்குதான் சாராயம், மீதி பெரும்பாலும் தண்ணீர். வெந்நீர் செய்யும் வேலையைக் கொஞ்சம் கூடுதல் விலையில் செய்கிறது, அவ்வளவுதான். ஓ-ரிங் வாசனைக்கு ஓரளவு உதவும்.

99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வேறு விஷயம். வாசனைப் பிசுக்கைக் கரைக்கும், சீக்கிரம் ஆவியாகிவிடும். டேங்க் பேட்டரியோடு இணையும் மரைக்கும் நடுவே இருக்கும் பின்னுக்கும் இதைவிட நல்லது கிடையாது. காது குடையும் பஞ்சுக் குச்சியில் சிறிது தொட்டுத் துடைத்தால் போதும். கருவி காயிலைக் கண்டுகொள்ளவில்லை என்று புகார் சொல்பவர்களில் பலருக்கு இந்த ஒரு துடைப்பிலேயே வேலை முடிந்துவிடும். பிளாஸ்டிக் டேங்கில் மட்டும் படவிடாதீர்கள், சில வகைப் பிளாஸ்டிக்கில் மயிரிழை விரிசல் விடும். பஞ்சு இருக்கும் காயிலை இதில் முக்குவதும் கூடாது. உள்ளே தங்கிய ஆல்கஹால் தீப்பற்றும் பொருள், அதன் பக்கத்திலேயே சூடாகும் கம்பி இருக்கிறது.

இங்கே கட்டாயம் சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஒன்று. மருந்துக் கடையில் 'சர்ஜிகல் ஸ்பிரிட்' என்று விற்பதை ஐசோபுரோப்பைல் என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். பிரிட்டனில் விற்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் மெத்தனால் கலந்த சாராயம், விளக்கெண்ணெய், மெத்தில் சாலிசிலேட், டைஎத்தில் தாலேட் எல்லாம் சேர்ந்திருக்கும். தோலில் தடவச் செய்த கலவை அது. ஆல்கஹால் பறந்த பிறகும் எண்ணெய் படிந்து நிற்கும். எண்ணெயைச் சூடாக்கி நுரையீரலுக்குள் இழுக்கவே கூடாது. கை கழுவும் சானிடைசர் ஜெல்லுக்கும் இங்கே இடமில்லை. பாட்டில் முதுகில் இருக்கும் பொருள் பட்டியலைப் படியுங்கள், ஒரே ஒரு பொருள் இருந்தால் வாங்குங்கள்.

வினிகர், சமையல் சோடா, எலுமிச்சை எல்லாம் சமையலறையிலேயே இருக்கட்டும். அவற்றின் மிச்சத்தை அலசி எடுப்பதே தனி வேலையாகிவிடும்.

அல்ட்ராசோனிக் மெஷின்

நகை, மூக்குக் கண்ணாடி கழுவுகிற சின்னத் தொட்டி. பெரும்பாலும் 40 கிலோஹெர்ட்ஸ் அதிர்வில் தண்ணீருக்குள் நுண்ணிய குமிழிகள் உண்டாகி உடையும், அந்த வேகத்தில் அழுக்கு பெயர்ந்து வரும். பிரஷ் நுழையாத இடத்துக்கும் இது போகும். மெல்லிய கம்பியைத் தடித்த கம்பி மேல் சுற்றிய கிளாப்டன் காயில்களின் இடுக்குகளுக்கும், மரைக்கும், காற்றுத் துளைகளுக்கும் இதுதான் ராஜா. தொட்டித் தண்ணீர் தேநீர் நிறமாக மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஆனால் மலிவாக விற்பவற்றில் சில வெறும் மோட்டாரால் குலுங்குபவை. சோதிக்க எளிய வழி உண்டு. அலுமினியத் தாள் ஒரு துண்டைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு ஓட்டுங்கள். உண்மையான அல்ட்ராசோனிக் என்றால் தாளில் புள்ளி புள்ளியாகப் பொத்தல் விழும். விழாவிட்டால் அது மெஷினே இல்லை, கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

தொட்டிக்குள் ஆல்கஹால் ஊற்றி ஓட்டச் சொல்பவர்களும் உண்டு. வேண்டவே வேண்டாம். தொட்டி சூடாகும், ஆவி கிளம்பும், உள்ளே மின்சாரம் இருக்கிறது. தீ விபத்துக்கு அது போதும். தண்ணீரும் ஒரு சொட்டுச் சோப்பும் போதுமானது.

என் தீர்ப்பு: ஒரே ஒரு டேங்க் வைத்திருப்பவர்களுக்கு இது வெட்டிச் செலவு. மூன்று நான்கு அட்டோமைசர்களைச் சுழற்சியில் வைத்திருந்தால் காசுக்கேற்ற பலன் உண்டு. கடையில் வாங்கும், பஞ்சு அடைத்த காயிலை இதில் போட்டாலும் பஞ்சு புதிதாகிவிடாது என்பதை மறக்க வேண்டாம்.

எரித்தல்

டிரை பர்ன் என்று சொல்வது இதைத்தான். நீங்களே கம்பி சுற்றிப் பஞ்சு வைக்கும் அட்டோமைசர்களுக்கு மட்டுமே இது பொருந்தும். கரிக்கு எதிராக உண்மையிலேயே வேலை செய்வதும் இந்தப் பட்டியலில் இது ஒன்றுதான்.

முதலில் பஞ்சு முழுவதையும் உருவி எடுத்துவிட வேண்டும். வாட்டைக் குறைத்து வைத்துக்கொண்டு பட்டனை ஓரிரு நொடி அழுத்தி விடுங்கள், மறுபடி அழுத்தி விடுங்கள். கம்பி மங்கலாகச் சிவந்தால் போதும், மஞ்சளாகவோ வெள்ளையாகவோ ஒளிர விடக் கூடாது. கறுப்புப் படிவு சாம்பலாகி உதிரத் தொடங்கும். முழுக்க ஆறிய பிறகு, டேங்கின் அடிப்பகுதியைப் பேட்டரியிலிருந்து கழற்றி, குழாய் நீரில் மெல்லிய பிரஷ்ஷால் தேயுங்கள். சிவந்து இருக்கும்போதே தண்ணீரைக் காட்டுவது தவறு, கம்பிக்கு அது நல்லதில்லை. காய்ந்ததும் புதுப் பஞ்சு வைத்து, கம்பியின் மின்தடை (ஓம்) அளவு முன்பிருந்ததையே காட்டுகிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் திருகாணி தளர்ந்திருக்கலாம், கம்பி எங்காவது அட்டோமைசரின் உடலில் தொட்டுக்கொண்டிருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் இழுக்க வேண்டாம்.

எந்தக் கம்பி என்று தெரியாமல் எரிக்கக் கூடாது. காந்தல் (Kanthal) என்ற கம்பி இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்தது. சூட்டில் அதன் மேல் அலுமினிய ஆக்சைடு படலம் உருவாகும், எரிப்பதை ஓரளவு தாங்கும். நிக்கலும் குரோமியமும் கலந்த நைக்ரோமையும் எரிக்கலாம், ஆனால் அது சீக்கிரம் உருகிவிடக் கூடியது, கை நிதானமாக இருக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகை லேசாகச் சூடாக்கலாம், சிவக்க விட வேண்டியதில்லை. நிக்கல், டைட்டானியம் இரண்டையும் எரிக்கவே கூடாது.

காந்தல், நைக்ரோமைக்கூட அடிக்கடி எரிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். 2018-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 56 பேருடைய கருவிகளைச் சோதித்தபோது, பாட்டில் லிக்விடில் மிகக் குறைவாக இருந்த குரோமியம், நிக்கல், ஈயம் போன்றவை காயிலைத் தொட்ட பிறகு வரும் ஆவியில் பல மடங்கு கூடியிருந்தன. அவர்கள் பார்த்தது எரிப்பதன் விளைவை அல்ல. ஆனாலும் உலோகம் ஆவிக்குள் வருகிறது என்று தெரிந்த பிறகு, அந்த உலோகத்தைத் திரும்பத் திரும்பச் சிவக்க விட எனக்கு மனம் வரவில்லை. இரண்டு மூன்று முறை எரித்தபின் புதுக் கம்பி சுற்றிவிடுங்கள், சில பென்ஸ்தான் ஆகும்.

மாற்றுதல்

பஞ்சு அடைத்த காயில், மெஷ் காயில், பாட் (கழற்றி மாட்டும் சிறு லிக்விட் கூடு) வைத்திருப்பவர்களுக்கு என் ஒரே பரிந்துரை இது. மெஷ் என்பது துளைகளிட்ட மெல்லிய தகடு, பஞ்சு அதன் முதுகில் ஒட்டி இருக்கும். அதை எரித்தால் பஞ்சும் சேர்ந்து எரியும். கழுவினால் கரி அப்படியே இருக்கும். ஒரு காயில் இரண்டு மூன்று பவுண்டு. அதை மிச்சப்படுத்த இரண்டு நாள் காயப்போட்டு, பாதிச் சுவையோடு இழுப்பது கணக்குக்கு ஒத்துவரவில்லை.

பணத்தைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. பஞ்சு காய்ந்தோ கருகியோ இருக்கும்போது இழுத்தால் தொண்டை எரியும், சகிக்க முடியாத கசப்பு வரும். அப்போது கிளிசரின் அதிகச் சூட்டில் சிதைந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்றவை உண்டாகின்றன. 2015 ஜனவரியில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஒரு கடிதம் பெரிய சர்ச்சையானது. 3.3 வோல்ட்டில் அகப்படாத ஃபார்மால்டிஹைடு சேர்மங்கள் 5 வோல்ட்டில் அகப்பட்டன என்றது அது. அந்தச் சூட்டில் கருகல் சுவை தாங்காமல் யாரும் இழுக்க மாட்டார்கள் என்று மறுத்தவர்கள் சொன்னார்கள். இரு தரப்பையும் சேர்த்துப் படித்தால் பயன்படுத்துபவருக்குக் கிடைப்பது ஒன்றுதான்: கருகல் வாடை வந்தால் அந்த இழுப்போடு நிறுத்த வேண்டும். கழுவிப் பார்க்கலாம், இன்னும் ஒரு நாள் ஓட்டலாம் என்று இழுத்தடிக்கக் கூடாது.

புதுக் காயிலைப் போடும்போது அதன் துளைகளில் தெரியும் பஞ்சில் நாலு சொட்டு லிக்விட் விட்டு, டேங்கை நிரப்பிப் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். காயில் மேல் அச்சிட்டிருக்கும் வாட் வரம்பில் கீழ் எண்ணிலிருந்து தொடங்குங்கள். முதல் இழுப்பிலேயே கருகும் காயில்கள் பெரும்பாலும் இந்தப் பத்து நிமிடம் பொறுக்காததால் போனவை.

காயிலின் ஆயுளைத் தீர்மானிப்பது கழுவுவதைவிட லிக்விட்தான். கஸ்டர்ட், டோனட் வகை இனிப்புகள் காயிலைச் சில நாளிலேயே கறுக்க வைக்கும். இனிப்பூட்டி சேர்க்காத, நிறமில்லாத லிக்விட் ஊற்றினால் அதே காயில் இரண்டு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஓடும். மாதாமாதம் காயிலுக்குக் காசு போகிறது என்று வருந்துபவர்கள் முதலில் லிக்விடை மாற்றிப் பாருங்கள்.

பாட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. பாட்டைக் கழற்றினால் அடியில் வியர்த்தது போல ஈரம் கோத்திருக்கும். காய்ந்த பஞ்சுக் குச்சியால் இரண்டு நாளைக்கு ஒருமுறை பாட்டின் அடியையும் கருவியின் தொடுபுள்ளிகளையும் துடைத்துவிடுங்கள். ஒழுகுகிறது என்று புதுப் பாட் வாங்கும் பலருடைய பாட் உண்மையில் ஒழுகுவதே இல்லை.

சென்னைக்குப் போகிறவர்கள் கருவியைப் பெட்டியில் எடுத்து வைக்காதீர்கள். இந்தியாவில் 2019 சட்டப்படி மின் சிகரெட்டின் இறக்குமதி, விற்பனை, இருப்பு எல்லாமே தடை. இறக்குமதிக்கும் விற்பனைக்கும் முதல் முறையே ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. சிங்கப்பூரில் வைத்திருப்பதே குற்றம்.

கழற்றிய பழைய காயிலிலும் டேங்க் கழுவிய தண்ணீரிலும் நிக்கோட்டின் இருக்கிறது. சமையல் பாத்திரம் கழுவும் தொட்டியில் வேண்டாம், குழந்தைகள் கைக்கு எட்டும் மேசையில் காயப்போடவும் வேண்டாம். காயிலைத் தாளில் சுற்றி மூடியுள்ள டப்பாவில் சேர்த்து வைத்து, வேப் விற்கும் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். பழையதைத் திரும்ப வாங்கிக்கொள்ள பிரிட்டனில் அந்தக் கடைகள் கடமைப்பட்டவை.