உளவுக் கதைக்கு எந்தக் கப்பல்: டைட்டானிக்கா, லூசிடானியாவா?

மூழ்கப்போகும் கப்பலில் உளவாளிகளை ஏற்ற நினைப்பவர்கள் முதலில் டைட்டானிக்கைத்தான் பிடிப்பார்கள். பனிப்பாறையில் மோதியபின் மூழ்க 2 மணி 40 நிமிடம். ரகசியம் உடைய, விடைபெற நேரம் தாராளம். ஆனால் 1912இல் உலகப்போர் இல்லை, உளவாளியை நாம்தான் வலிய நுழைக்க வேண்டும்.

முதல் உலகப்போர்க் காலத்து பிரிட்டிஷ் பயணிகள் கப்பலான லூசிடானியாவில் அந்தச் சிரமமே கிடையாது. 1915 மே 1, நியூயார்க்கிலிருந்து கிளம்பிய அன்றே ஜெர்மன் தூதரகத்தின் எச்சரிக்கை பத்திரிகைகளில் வந்திருந்தது. கீழே சரக்கறையில் துப்பாக்கித் தோட்டாக்கள். மேலே கோடீஸ்வரர் ஆல்ஃபிரட் வாண்டர்பில்ட். போதாததற்கு, டிக்கெட் இல்லாமல் ஒளிந்து வந்த மூன்று ஜெர்மானியர்கள் பிடிபட்டு அடைத்துவைக்கப்பட்டார்கள். உளவாளிகளா, இல்லையா? அது தெளிவாகுமுன் மே 7இல் அயர்லாந்துக் கரையருகே டார்பிடோ தாக்கியது. 18 நிமிடத்தில் கப்பலே இல்லை. நீள வசனம் பேச நேரமில்லைதான். சரி, என் ஓட்டு இதற்கே.