ஒய்யுஒய்வியா, எம்ஜேபெக்கா? சின்ன போர்டில் வெப்கேமுக்கு எது சரி

ராஸ்பெர்ரி பை மாதிரி சின்ன போர்டில் யுஎஸ்பி வெப்கேமை மாட்டியதும் படமே வரவில்லை, வந்தாலும் திக்கித் திக்கி வருகிறது என்றால், கேமராவை மாற்றக் கிளம்பும் முன் ஃபார்மட்டை, அதாவது கேமரா படத்தை எந்த வடிவில் அனுப்புகிறது என்பதைப் பாருங்கள். லினக்ஸில் கேமராவைக் கையாளும் வி4எல்2-சிடிஎல் கருவியில் ஃபார்மட் பட்டியலைக் கேட்டால், எந்த ஃபார்மட்டில் எந்த அளவு, நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்று எல்லாம் வந்துவிடும். பாதிப் பதில் அந்தப் பட்டியலிலேயே இருக்கும்.

முதலில் ஒய்யுஒய்வி. இது சுருக்காத படம், ஒரு பிக்சலுக்கு 2 பைட். 640×480 அளவில் நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் சுமார் 18 மெகாபைட். அதே வேகத்தில் 1280×720 கேட்டால் 55 மெகாபைட்டுக்கு மேல் போய்விடும். யுஎஸ்பி 2.0 என்றால் 480 மெகாபிட் என்று பெட்டியில் போட்டிருந்தாலும், வெப்கேம்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் ஐசோக்ரனஸ் முறையில் (வழியில் இடத்தை முன்பதிவு செய்து நேரம் தவறாமல் அனுப்பும் முறை) ஓர் எண்ட்பாயின்டுக்கு, அதாவது கேமராவின் ஒரு தரவு வாசலுக்குக் கிடைக்கும் உச்சமே நொடிக்கு 24 மெகாபைட் சொச்சம்தான். அதனால்தான் பல கேமராக்களின் பட்டியலில் ஒய்யுஒய்வி 1280×720-க்கு நேரே வெறும் 10 ஃப்ரேம் என்று நிற்கிறது. அது கேமராவின் பழுது அல்ல, வழி அவ்வளவுதான்.

இன்னொரு கேமராவையும் அதே பஸ்ஸில், அதாவது அதே யுஎஸ்பி வழியில் மாட்டினால், ஸ்ட்ரீம் தொடங்கும்போது ‘டிவைஸில் இடம் இல்லை’ என்ற பிழை வரும். அதைப் பார்த்து மெமரி கார்டைக் காலி செய்பவர்கள் உண்டு. இங்கே இல்லாமல் போனது யுஎஸ்பி பேண்ட்வித். பை 3 வரையான மாடல் பி போர்டுகளில் ஈதர்நெட்டும் அதே ஒற்றை யுஎஸ்பி 2.0 வழியில்தான் போகிறது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எம்ஜேபெக் இந்த நெரிசலைத் தீர்க்கும். ஒவ்வொரு ஃப்ரேமும் தனியாகச் சுருக்கிய ஜேபெக் படம் என்பதால் 1280×720-இல் 30 ஃப்ரேம் தாராளமாக வரும். ஒரு ஃப்ரேம் கெட்டாலும் அடுத்ததைப் பாதிக்காது. ஆனால் சுமை பஸ்ஸிலிருந்து சிபியு மேல் ஏறுகிறது. ஒவ்வொரு ஃப்ரேமையும் டிகோட் செய்ய, அதாவது சுருக்கியதை விரிக்க வேண்டும், வலு குறைந்த போர்டில் அது நன்றாகவே தெரியும். இன்னொரு சிக்கலும் உண்டு: ஜேபெக்கை விரிக்கத் தேவையான ஹஃப்மன் டேபிளைச் சில கேமராக்கள் ஃப்ரேமில் சேர்ப்பதில்லை. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருள் சமாளித்துக்கொள்ளும், எளிய ஜேபெக் டிகோடர் ‘கெட்டுப்போன ஃபைல்’ என்று கைவிரிக்கும்.

சரி, பஸ்ஸிலாவது நிம்மதியா என்றால் முழுக்க இல்லை. எம்ஜேபெக்கில் ஓடினாலும் தேவைக்கு மேல் பேண்ட்வித்தை முன்பதிவு செய்யும் கேமராக்கள் இருக்கின்றன. லினக்ஸின் வெப்கேம் டிரைவரான யுவிசிவீடியோவில் குவர்க்ஸ் 128 என்ற அமைப்பு இதைத் திருத்தும் என்று பலரும் சொல்வார்கள். அது சுருக்காத ஃபார்மட்டுக்கான திருத்தம், எம்ஜேபெக்கில் அதை நம்பி உட்காராதீர்கள்.

மூன்றாவதாக எச்.264 என்ற வீடியோ சுருக்க முறை. அதைத் தரும் வெப்கேம் குறைவு. வீடியோவைத் திறக்காமல் அப்படியே பதியவோ அனுப்பவோ மட்டும் செய்வதென்றால் அதற்கு இணையில்லை. ஃப்ரேம் ஃப்ரேமாகப் படத்தை அலச வேண்டும் என்றால் வேண்டாம்.

என் தேர்வு இதுதான்: பட அலசலுக்கு 640×480 போதும் என்றால் ஒய்யுஒய்வி. வெளிச்சத்தை மட்டும் பார்க்கும் வேலைக்கு ஒய்யுஒய்வியில் வெளிச்ச அளவைச் சொல்லும் ஒய் பைட்டுகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், டிகோட் செலவே கிடையாது. அதற்கு மேல் அளவு வேண்டுமென்றால் யோசிக்காமல் எம்ஜேபெக்.

எதைத் தேர்ந்தாலும் ஓபன்சிவி என்ற பட அலசல் நூலகத்தில் ஃபார்மட், அளவு, வேகம் மூன்றையும் செட் செய்தபின் திரும்பப் படித்துப் பாருங்கள். கேட்டது கிடைக்காவிட்டால் டிரைவர் பிழை சொல்லாமல் பொருந்துகிற வேறொன்றைக் கொடுத்துவிடும். அப்புறம், எல்லாம் சரியாக இருந்தும் 30 கேட்ட இடத்தில் 15 வந்தால் அறை வெளிச்சத்தைக் கவனியுங்கள். இருட்டில் கேமரா எக்ஸ்போஷரை நீட்ட வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கன்ட்ரோல் பட்டியலில் எக்ஸ்போஷர் டைனமிக் ஃப்ரேம்ரேட் இருந்தால் அதை 0 ஆக்குங்கள். படம் கொஞ்சம் மங்கும், வேகம் திரும்பிவிடும்.