கரண்ட் போனாலும் எழுத்துப் போகாமல் இருக்க: நோட்பேட் பிளஸ் பிளஸ்

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ டைப்செட்டிங் கடை வைத்திருப்பவரிடம் ஒரு பைல் பாமினி என்ற பழைய எழுத்துருவில் வரும், அடுத்தது எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோட்டில் வரும். இரண்டையும் பழுதாக்காமல் சேவ் பண்ண, இலவச எடிட்டர்களில் நான் முதலில் சொல்வது நோட்பேட் பிளஸ் பிளஸ். 2003இலிருந்து வருகிறது, பழைய கொம்பியூட்டரிலும் இலகுவாக ஓடும்.

யூனிகோட் தமிழுக்குக் கீழ்ப்பட்டையின் வலப்பக்கம் யூடிஎஃப்-8 (யூனிகோட்டைப் பைலில் பதியும் முறை) என்று இருக்க வேண்டும். அன்சி (தமிழுக்கு இடமில்லாத பழைய முறை) என்றிருந்தால் ஒட்டிய தமிழ் கேள்விக்குறிகளாகிவிடும். அதைச் சேவ் பண்ணாதீர்கள். கன்ட்ரோல்+இசட் அடித்து, என்கோடிங் மெனுவில் 'கன்வேர்ட் டு யூடிஎஃப்-8' கொடுத்துத் திரும்ப ஒட்டுங்கள்.

பைலைத் திறந்ததுமே குறியீடுகளாகக் குழம்பித் தெரிந்தால் கதை வேறு. அப்போது மெனுவின் மேற்பகுதியிலுள்ள வெறும் 'யூடிஎஃப்-8'தான் சரி. அங்கே கன்வேர்ட் கொடுத்துச் சேவ் பண்ணினால் அந்தக் குழப்பமே பைலில் எழுதப்பட்டுவிடும். ஆங்கில எழுத்துகளாகத் தெரியும் பாமினி பைலுக்கு இந்த மெனு உதவாது, எழுத்துருவைத்தான் மாற்ற வேண்டும். பழைய எக்செல்லில் திறக்கப்போகும் சிஎஸ்வி (கமாவால் பிரித்த அட்டவணை) பைலென்றால் 'யூடிஎஃப்-8-பிஓஎம்' எடுங்கள், இல்லாவிட்டால் தமிழ் உடையும்.

எடிட்டர் தானாகவே 7 செக்கனுக்கு ஒரு தடவை பிரதி எடுக்கிறது. கரண்ட் போய் வந்தாலும் எழுதியது திரும்பக் கிடைப்பது அதனால்தான். ஆனால் அந்தப் பிரதி தனி ஃபோல்டரில் கிடக்கும். பென் டிரைவிலுள்ள பைல் பழையபடியே இருக்கும். டேப்பின் அடையாளம் சிவப்பாக இருக்கும்வரை சேவ் ஆகவில்லை. நீலமான பிறகே வாடிக்கையாளர் கையில் கொடுங்கள், அதுவும் இஜெக்ட் பண்ணிவிட்டு.

பெரிய குறை ஒன்று உண்டு. சேவ் பண்ணிய உடனே கரண்ட் நின்றால், அளவு சரியாக இருந்தும் உள்ளே 'நல்' (NUL) எனும் வெற்று எழுத்துகள் மட்டும் நிறைந்த பைல் கிடைக்கலாம். விண்டோஸ் எழுத்தை நினைவகத்தில் வைத்திருந்து சற்றுப் பிந்தியே டிஸ்க்கில் போடுவதுதான் காரணம். யூபிஎஸ் (கரண்ட் போனாலும் சற்று நேரம் தாங்கும் பேட்டரி) இல்லாத கடைகள் செட்டிங்ஸ், பிரிஃபரன்சஸ், பேக்கப் என்று போய் 'வெர்போஸ் பேக்கப்'பைக் கட்டாயம் போட வேண்டும். ஒவ்வொரு சேவுக்கும் முந்தைய பதிப்பு திகதி, நேரத்துடன் தங்கும். அதே இடத்தில் 'கஸ்டம் பேக்கப் டிரெக்டரி'க்கு உங்கள் ஹார்ட் டிஸ்க் ஃபோல்டரைக் கொடுத்துவிடுங்கள். இல்லையேல் பழைய பதிப்புகள் எல்லாம் வாடிக்கையாளரின் பென் டிரைவிலேயே சேரும். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி விபரங்கள் அடிக்கும் கடைகளில் அது பாரதூரமான விடயம்.