செலிக்மன் ஏஞ்சல் டெல்கடீயோ கடை: ரூட் 66 பிழைத்த இடம்

கிராண்ட் கேன்யன் பார்த்துவிட்டு லாஸ் வேகஸ் திரும்பும் நம்மவர்கள் பெரும்பாலும் வில்லியம்ஸிலிருந்து கிங்மன் வரை ஐ-40 விரைவுச்சாலையில் நிற்காமல் ஓட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து 123ஆம் எக்ஸிட்டில் இறங்குங்கள். அரிசோனாவின் செலிக்மன் என்ற சின்ன ஊர் அது. ஊருக்குள், ஒருகாலத்தில் அமெரிக்காவின் பெரிய நெடுஞ்சாலையாக இருந்த பழைய ரூட் 66 மேலேயே ஏஞ்சல் டெல்கடீயோவின் நினைவுப்பொருள் கடை இருக்கிறது.

சட்டை, தொப்பி, காபிக் கோப்பை, 66 என்று போட்ட ஃப்ரிட்ஜ் மேக்னட் எல்லாம் உண்டு. இந்தச் சாலை நெடுக எல்லாக் கடையிலும் இவை கிடைக்கும், அதனால் அவற்றுக்காக வரச் சொல்ல மாட்டேன். கடையோடு சேர்ந்தாற்போல ஏஞ்சலின் முடிதிருத்தும் நிலையம் அப்படியே இருக்கிறது. அதற்காக வாருங்கள். சுழலும் பழைய நாற்காலி, எதிரே கண்ணாடி, சுவர் முழுக்க உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ வந்தவர்கள் செருகிவிட்டுப் போன விசிட்டிங் கார்டுகள். நான் அதிக நேரம் நின்றது அந்தச் சுவருக்கு முன்னால்தான்.

ஏஞ்சல் 1927இல் பிறந்தவர். ரூட் 66 அவரைவிட ஒரு வயதுகூட மூத்ததில்லை: 1926 நவம்பரில் எண் பெற்றது. சிகாகோவிலிருந்து சான்டா மோனிகா வரை சுமார் 3,900 கி.மீ. அதில் போகும் வண்டிகளை நம்பித்தான் இந்த ஊரில் பெட்ரோல் பங்க், மோட்டல், சாப்பாட்டுக் கடை எல்லாம் நடந்தன. 1956இல் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டத்தால் நாடெங்கும் இன்டர்ஸ்டேட் எனும் விரைவுச்சாலைகள் போடப்பட்டன. 1978 செப்டம்பர் 22 அன்று ஊரைத் தொடாமல் தெற்கே ஐ-40 திறந்தது. அன்றே செலிக்மன் தெருவில் வண்டி வருவது நின்றுபோனது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறையவில்லை, ஒரே நாளில். 1984 அக்டோபரில் வில்லியம்ஸும் ஒதுக்கப்பட்டது. ரூட் 66 வழியில் கடைசியாக விடுபட்ட ஊர் அதுதான். அடுத்த ஆண்டு ஜூனில் 66 என்ற எண்ணையே தேசிய நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

முடிவெட்டிப் பிழைத்த ஏஞ்சல் இதை விடவில்லை. 1987 பிப்ரவரியில் செலிக்மன், கிங்மன் ஊர்க்காரர்கள் சிலரோடு கூடி, இந்தச் சாலையைக் காப்பாற்ற ஒரு சங்கம் தொடங்கினார். அந்த வருடம் முடிவதற்குள் அரிசோனா அரசு இந்த இரண்டு ஊருக்கும் இடைப்பட்ட பாதையை வரலாற்றுச் சாலையாக அறிவித்தது. அதைப் பார்த்து மற்ற மாநிலங்களிலும் சங்கங்கள் கிளம்பின. பயணிகள் திரும்பி வந்தார்கள். கார் போவதற்கே தார்ச்சாலை மிஞ்சியிருப்பதில் இந்தச் சிறு கடைக்காரர்களின் பங்கு பெரியது. கடையில் ஒரு மேக்னட் வாங்கும்போது அந்த மரியாதையோடு வாங்குங்கள்.

எங்களோடு மாமா வந்திருந்தார். தமிழகத்தில் நெடுஞ்சாலைத் துறையில் ரோடு போட்டே ஓய்வு பெற்றவர். கடையை ஒரு சுற்று பார்த்துவிட்டு வெளியே போய்ச் சாலையோரம் நின்றுவிட்டார். பிறகு கிங்மன் பக்கம் ஓட்டிப் போகையில் சொன்னார்: "மாப்பிள்ளை, ரோடு ரயிலைப் புடிச்சுக்கிட்டே போகுது, கவனிச்சீங்களா? இப்பப் போட்டா யாரும் இப்படி வளைச்சுப் போட மாட்டாங்க."

உண்மைதான். பழைய சாலை வடக்கே வளைந்து, 1880களில் போட்ட ரயில்பாதையை ஒட்டி, பீச் ஸ்பிரிங்ஸ், ஹாக்பெரி வழியாகப் போகிறது. நீராவி இன்ஜினுக்குத் தண்ணீர் வேண்டும். பீச் ஸ்பிரிங்ஸில் ஊற்று இருந்தது. இன்று அது ஹுவாலபாய் பழங்குடியினரின் தலைமையிடம். ஐ-40க்கு ஊற்றும் வேண்டாம், ஊரும் வேண்டாம், நேரே வெட்டிக்கொண்டு போய்விட்டது. கிங்மனுக்கு இந்த வழி 140 கி.மீ., சுற்றுதான். ஆனால் லாரி நெரிசல் இல்லை, ஓட்டுகிறவருக்கும் நாலு பக்கம் பார்க்க முடிகிறது. டேங்கை மட்டும் செலிக்மனிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு, ஏஞ்சலின் அண்ணன் ஹுவான் 1953இல் பழைய மரப்பலகைகளை வைத்துக் கட்டிய ஸ்னோ கேப் அதே தெருவில் இருக்கிறது. ஹுவான் 2004இல் காலமானார், குடும்பத்தார் நடத்துகிறார்கள். பர்கரும் மில்க் ஷேக்கும்தான், சைவக்காரர்களுக்கு அதிகம் தேறாது. கதவில் பொய்க் கைப்பிடி ஒன்று வைத்திருக்கிறார்கள், குழந்தைகளை முதலில் திறக்க விடுங்கள். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். ஊர் 1,600 மீட்டர் உயரத்தில் இருப்பதால் குளிருக்கு உடுப்பும் வேண்டும்.

சுற்றுலாப் பேருந்துகளும் இங்கே நிற்கின்றன. இறங்கியதும் படம் எடுக்க ஓடாமல் நேரே அந்த நாற்காலி இருக்கும் அறைக்குப் போங்கள். கொடுக்கும் சிறிது நேரத்தில் அதைத் தவறவிடக்கூடாது. உங்கள் கார்டு ஒன்றையும் கையோடு கொண்டுபோங்கள்.