கார்ட் தெ விசிட்டா, கேபினட் கார்டா, டின்டைப்பா?

விக்டோரியா காலத்துச் சிறு உருவப்படங்களைச் சேர்க்க நினைக்கிறவர்கள் கார்ட் தெ விசிட்டில் தொடங்குவதே நல்லது. பாரிசில் திஸ்தேரி என்ற புகைப்படக்காரர் 1854இல் காப்புரிமை வாங்கிய முறை அது. ஒரே கண்ணாடித் தட்டில் எட்டுப் படம் எடுத்து, ஒரே தாளில் அச்சிட்டு வெட்டி, 64 × 100 மி.மீ. அட்டையில் ஒட்டிவிடுவார்கள். விசிட்டிங் கார்டு அளவு, விலையும் குறைவு. 1860இல் மேயால் என்ற புகைப்படக்காரர் எடுத்த அரச குடும்பப் படங்கள் விற்பனைக்கு வந்ததும் இங்கிலாந்தில் ஆல்பம் மோகம் பற்றிக்கொண்டது.

1866இல் லண்டனில் வந்த கேபினட் கார்டு 108 × 165 மி.மீ. முகம் பெரிதாகத் தெரியும் என்றுதான் பலரும் இதை விரும்புகிறார்கள். ஆனால் நெகட்டிவ் பெரிதானதும் பென்சிலால் சுருக்கங்களை மறைப்பது ஸ்டுடியோக்களில் வழக்கமாகிவிட்டது. கார்ட் தெ விசிட்டில் நிற்பவரின் தலை பட்டாணி அளவுதான். ஆனாலும் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள், கண்ணோரச் சுருக்கம்கூட அப்படியே இருக்கும். எனக்கு அந்த முகம்தான் பெரிது.

காலத்தை அட்டையே சொல்லும். மெல்லிய அட்டை, கூர்மூலை என்றால் பெரும்பாலும் 1860கள். மூலை உருண்டு அட்டை தடித்தால் 1870கள். கறுப்பு, அடர்பச்சை அட்டையில் பொன் விளிம்பு 1880களின் பாணி. ஆல்பத்தில் நுழைக்க மூலையைக் கத்தரித்தவர்களும் உண்டு, ஏமாந்துவிடக் கூடாது. அமெரிக்கப் படத்தின் பின்னால் வரி ஸ்டாம்ப் இருந்தால், அந்தப் படம் 1864 செப்டம்பர் 1 முதல் 1866 ஆகஸ்ட் 1 வரை விற்றது.

டின்டைப் வேறு ஜாதி. கறுப்பு அரக்கு பூசிய இரும்புத் தகட்டில் நேரடியாக விழுந்த படம். நெகட்டிவ் இல்லாததால் பிரதியும் இல்லை. இடம் வலம் மாறியிருக்கும், ஆணின் கோட்டுப் பொத்தான் எதிர்ப்பக்கம் தெரியும். தகடு வளைந்தால் பூச்சு உதிரும். உதிர்ந்த இடத்தில் துரு ஏறும்.

காகிதப் படங்களில் முட்டை வெள்ளைக்கருப் படலம் மஞ்சளாகும். படத்தை நிலைநிறுத்தும் ரசாயனமான ஹைப்போவை அன்றைக்கே சரியாகக் கழுவாமல் விட்டிருந்தால் முகமும் வெள்ளைச் சட்டையும்தான் முதலில் மங்கும். ஈரத்துணியால் துடைத்தால் படலத்தில் நுண்விரிசல் கூடும். பழைய ஆல்பத்திலிருந்து பிடித்து இழுக்காமல், மெல்லிய பாலியஸ்டர் தாளைப் படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவே விட்டு நழுவ விடுங்கள். வெளியே வந்ததைப் பிவிசி உறையில் வைக்காதீர்கள். அதற்கும் பாலியஸ்டர் உறைதான்.