மாலை மின்சாரத்துக்குப் பேட்டரியா, மேலேற்றிய நீரா?

சூரிய மின்சாரம் மலிவுதான், ஆனால் அதைச் சேமிக்கும் செலவைச் சேர்த்தால் கட்டுப்படியாகாது என்கிறார்கள். அப்படிச் சொல்பவர்களிடம் நான் கேட்பவை இரண்டு. எத்தனை மணி நேரத்துக்குச் சேமிக்க வேண்டும்? ஆண்டுக்கு எத்தனை முறை? இந்த இரண்டுக்கும் விடை இல்லாமல் பேட்டரியையும், மிச்ச மின்சாரத்தால் நீரை மேலே ஏற்றி வைத்துத் தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் நீரேற்று மின்நிலையத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விலை பேசினால் கணக்கு நிச்சயம் தப்பாகும்.

எளிய கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒரு யூனிட் மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரியை நிறுவ 200 டாலர் ஆகிறது, அது 15 ஆண்டு உழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தினமும் ஒரு முறை நிரப்பி வடித்தால் மொத்தம் 5,475 முறை. வட்டியையும் இழப்பையும் விட்டுவிட்டால், ஒரு யூனிட்டைச் சேமித்துத் தர நான்கு சென்ட்கூட ஆகாது. அதே பேட்டரியை ஆண்டுக்குப் பத்து முறை மட்டும் பயன்படுத்தினால் அது 1.33 டாலர். ஆண்டுக்கு ஒரே முறை என்றால் 13 டாலருக்கு மேல். பொருள் ஒன்றுதான், விலையும் மாறவில்லை. ஒரு வேலைக்கு அது மலிவு, இன்னொன்றுக்கு நினைத்தே பார்க்க முடியாத ஆடம்பரம்.

ஆஸ்திரேலியாவில் இந்த இரண்டு வழிகளும் ஒரே ஆண்டில் கிளம்பின. 2016-ல் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம் முழுவதும் இருளில் மூழ்கியதை அடுத்து, 2017-ல் ஹார்ன்ஸ்டேலில் 100 மெகாவாட், 129 மெகாவாட் மணி (1,29,000 யூனிட்) அளவுள்ள லித்தியம் பேட்டரி நிலையம் அமைந்தது. ஒப்பந்தம் உறுதியாகி நூறு நாளுக்குள் வேலை முடிந்தது. செலவு ஏறத்தாழ 9 கோடி ஆஸ்திரேலிய டாலர். அதே 2017-ல் 'ஸ்னோவி 2.0' நீரேற்றுத் திட்டம் 200 கோடி ஆஸ்திரேலிய டாலர் மதிப்பீட்டில் அறிவிக்கப்பட்டது. சுரங்கம் தோண்டும் இயந்திரம் இளகிய மண்ணில் சிக்கி மாதக்கணக்கில் நின்றது. 2023-ல் மதிப்பீடு 1,200 கோடியைத் தொட்டது.

இதைக் கேட்டதும் நீரேற்றுத் திட்டத்தைக் கைவிடச் சொல்லத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். ஸ்னோவியின் திறன் 2,200 மெகாவாட். அது தேக்கும் ஆற்றலோ 3,50,000 மெகாவாட் மணி, அதாவது 35 கோடி யூனிட். ஆறு மடங்கு ஏறிய செலவை வைத்துப் பார்த்தாலும் ஒரு யூனிட் சேமிக்கும் கொள்ளளவுக்கு 34 ஆஸ்திரேலிய டாலர்தான் வருகிறது. ஹார்ன்ஸ்டேலில் அது சுமார் 700 டாலர். ஆனால் அந்தப் பிரம்மாண்டக் கொள்ளளவு முழுவதையும் தினமும் பயன்படுத்த முடியாது. அன்றாடம் மாலையில் ஆறு மணி நேரம் மட்டும் ஓட்டினால், உண்மையில் வேலை செய்வது 1.32 கோடி யூனிட் கொள்ளளவு. அந்தக் கணக்கில் யூனிட்டுக்கு 900 டாலருக்கு மேல் ஆகிவிடும். அன்றாட மாலைக்குப் பேட்டரி, ஒரு வாரம் காற்றடிக்காமல் போனால் நீர் என்பதே என் முடிவு.

அதிலும் ஹார்ன்ஸ்டேல் விலை பழங்கதை. பேட்டரித் தொகுதியின் உலகச் சராசரி விலை 2010-ல் யூனிட் கொள்ளளவுக்கு ஆயிரம் அமெரிக்க டாலருக்கு மேல் இருந்தது. 2024-ல் அது சுமார் 115 டாலர். இன்வெர்ட்டர், மின்மாற்றி, குளிரூட்டல், நிலம், மின்தொகுப்பு இணைப்பு எல்லாம் தனிச் செலவு என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. அப்படியிருந்தும் சரிவு உண்மையானது. கலிபோர்னியாவில் 2024 ஏப்ரலில் ஒரு மாலை, சிறிது நேரத்துக்குப் பேட்டரிகளே மின்தொகுப்பின் மிகப்பெரிய மின்மூலமாக இருந்தன. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

நீருக்குச் சாதகமானது அதன் ஆயுள். அமெரிக்காவின் பாத் கவுண்டி நீரேற்று நிலையம் 1985 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குள் பேட்டரியை இரண்டு முறையாவது மாற்றியிருக்க வேண்டும். திரும்பக் கிடைக்கும் மின்சாரத்தில் பேட்டரி முந்துகிறது: நூறு யூனிட் கொடுத்தால் அது 85 அல்லது அதற்கு மேலும் தரும், நீர் 70 முதல் 80 வரை. உயர வேறுபாட்டோடு இரண்டு நீர்த்தேக்கம் அமைய இடம் வேண்டும் என்பது நீரின் பெரிய தடை. பேட்டரிக்கு ஒரு மைதானம் போதும்.

வனேடியம் என்ற உலோகத்தின் கரைசலில் இயங்கும் பேட்டரிக்குத் தொட்டியைப் பெரிதாக்கினாலே மணி நேரம் கூடும். சீனாவின் தாலியனில் 2022-ல் 400 மெகாவாட் மணி அளவில் ஒன்று வந்தது. வனேடியம் விலை அதன் கையைக் கட்டுகிறது. மின்சாரத்தை ஹைட்ரஜனாக மாற்றி மீண்டும் மின்சாரமாக்கினால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வழியிலேயே போய்விடும். மாதக்கணக்கில் சேமிக்க மட்டும் அதைக் கருதலாம். ஆண்டில் வெயிலும் காற்றும் குறைந்திருக்கும் சில வாரங்களுக்கு விடை இன்னும் கிடைக்கவில்லை என்று சொல்லி, பேட்டரியால் இன்றே தீரக்கூடிய மாலை நேரத்தில் நிலக்கரி எரிப்பதை என்னால் ஏற்க முடியாது.

தீ அச்சம் நியாயமானது. 2025 ஜனவரியில் கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் பேட்டரிகள் எரிந்து, சுற்றுவட்டார மக்கள் வெளியேற்றப்பட்டனர். அங்கே நிக்கல் கலந்த லித்தியம் பேட்டரிகள் ஒரே கட்டடத்துக்குள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்தன. இப்போது பெருவாரியாக வரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை எளிதில் கொதித்தெழாது. தனித்தனிப் பெட்டிகளில், இடைவெளி விட்டு, திறந்த வெளியில் நிறுவுகிறார்கள். தங்கள் ஊருக்கு அருகே பேட்டரி நிலையம் வருகிறது என்றால் மக்கள் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்: எந்த வகைப் பேட்டரி, ஒரு பெட்டிக்கும் அடுத்ததற்கும் எத்தனை மீட்டர்?