பொதுத்தொட்டியில் சிக்லிட் குஞ்சுகள்: பெற்றோரிடம் விடுவதா, தொங்கு பெட்டியா, தனித்தொட்டியா?

பல வகை மீன்கள் சேர்ந்து வாழும் பொதுத்தொட்டியில் கான்விக்ட் சிக்லிட் எனப்படும் பட்டை போட்ட சிறு நன்னீர் மீனின் ஜோடி ஒன்று அமைந்துவிட்டால், அது முட்டையிடுமா என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. பொரித்து வரும் குஞ்சுகளை எங்கே வைத்து வளர்ப்பது என்பதுதான் கவலை. யோசிக்கக் கிடைக்கும் அவகாசமும் குறைவு. தண்ணீர் 26, 27 டிகிரி செல்சியஸில் இருந்தால் ஏறத்தாழ மூன்று நாட்களில் முட்டை பொரிந்துவிடும். அதன்பின் நான்கைந்து நாட்கள், குஞ்சுகள் வயிற்றில் மஞ்சள்கருப் பையைச் சுமந்தபடி, பெற்றோர் தோண்டிய குழியில் கிடந்து துடித்துக்கொண்டிருக்கும். பிறகு ஒரே கூட்டமாக நீந்தக் கிளம்பிவிடும். ஆக, முட்டையைப் பார்த்த நாளிலிருந்து ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்: பெற்றோரிடமே விட்டுவிடுவது, பொதுத்தொட்டியின் பக்கவாட்டில் ஒரு பெட்டியைத் தொங்கவிட்டு அதில் வளர்ப்பது, தனித்தொட்டிக்கு மாற்றுவது. மூன்றையும் கையாண்டபின் நான் தொங்கு பெட்டியையே நிலையாக வைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கான காரணம் பெரும்பாலும் தண்ணீர் பராமரிப்பில்தான் இருக்கிறது.

பெற்றோரிடம் விடுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பார்க்க இதைவிட அழகான வழி வேறு கிடையாது. தாய் மீன் தரையருகே நின்று துடுப்புகளை வேகமாக அடித்து மண்ணைக் கிளறிவிட, அதிலிருந்து எழும் துணுக்குகளைக் குஞ்சுகள் பொறுக்கித் தின்னும். பெரிய தீவனத்தை வாயில் மென்று குஞ்சுக் கூட்டத்தின் நடுவே துப்புவதும் உண்டு. விளக்கை அணைக்கும் நேரத்தில் வழிதவறிய குஞ்சுகளை வாயால் உறிஞ்சி எடுத்துவந்து குழியில் உமிழ்வதை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஆனால் இருட்டில் நடமாடும் கெளுத்தி வகைகள் தொட்டியில் இருந்தால், அந்தக் காவலையும் மீறி ஒவ்வொரு காலையும் கூட்டம் சற்றுச் சுருங்கியிருக்கும். காவல் காக்கும் ஜோடி மற்ற மீன்களையெல்லாம் ஒரு மூலைக்கு விரட்டிவிடும் என்பதால், நீளமும் மறைவிடமும் போதாத தொட்டியில் துடுப்பு கிழிந்த மீன்களைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். சில வாரங்களில் ஜோடி அடுத்த முறை முட்டையிடத் தயாரானதும், அதுவரை காத்த குஞ்சுகளையே விரட்டத் தொடங்கும். பிழைப்பவை பிழைக்கட்டும் என்று இருப்பவர்களுக்கு இந்த வழி போதும்.

தனித்தொட்டியின் நன்மைகள் வெளிப்படையானவை: விழுங்க யாரும் இல்லை, போடும் தீவனம் முழுவதும் குஞ்சுகளுக்கே போய்ச்சேரும், எண்ணிக்கையும் குறையாது. இவ்வளவும் இருந்தும் நான் அதிலிருந்து விலகியதற்குக் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

குஞ்சுகளின் வயிறு சிறியது. ஆகவே நாளைக்கு மூன்று நான்கு முறையாவது கொஞ்சம் கொஞ்சமாகத் தீவனம் போட வேண்டும். சிறந்த தீவனம் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா என்ற மிகச் சிறிய உப்புநீர் இறால். நன்னீரில் அது சில மணி நேரமே உயிரோடிருக்கும். தின்னாமல் விட்டவை செத்து அடியில் வெளிறிய படலமாகப் படியும், எடுக்காமல் விட்டால் அழுகத் தொடங்கும். இந்த அழுகலும் குஞ்சுகளின் கழிவும் சேர்ந்து அம்மோனியாவாகின்றன. அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஒரு புதிய ஃபில்டரில் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். குஞ்சுகள் மிக மென்மையாக இருக்கும் காலமும், புதிய தொட்டியின் தண்ணீர் மிகவும் நம்ப முடியாததாக இருக்கும் காலமும் இப்படி ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. பொதுத்தொட்டியில் முன்கூட்டியே ஓடவிட்டுப் பழக்கிய ஸ்பாஞ்ச் ஃபில்டரை மாற்றிப் பொருத்தினால் இந்தச் சிக்கல் பெருமளவு குறையும். ஆனாலும் தண்ணீரின் அளவு மாறிவிடாது. 200 லிட்டரில் கலந்தால் கவனிக்கத் தேவையில்லாத அதே கழிவு, 20 லிட்டரில் பத்து மடங்கு செறிவாக நிற்கும். தண்ணீரின் பிஹெச் 7இலிருந்து 8க்கு ஏறும்போது, மொத்த அம்மோனியாவில் நச்சாக இருக்கும் பகுதியும் ஏறத்தாழ பத்து மடங்கு கூடுகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால், கடினமான, காரத்தன்மையுள்ள தண்ணீரில் சிறிய தொட்டி எவ்வளவு குறுகிய எல்லைக்குள் இயங்குகிறது என்பது புரியும்.

இதன் விளைவு அன்றாட வேலையாகத்தான் வந்து சேரும். தினமும் கால் பங்கு தண்ணீரையாவது மாற்ற வேண்டும். புதிய தண்ணீரின் குளோரினை நீக்கி, வெப்பத்தை ஒன்றாக்கி, மெதுவாக ஊற்ற வேண்டும். அடியில் உள்ளதை உறிஞ்சும்போது குஞ்சும் கூடவே போய்விடாதபடி கவனிக்க வேண்டும். ஒரு வாரம் இதை ஒழுங்காகச் செய்வது யாருக்கும் எளிது. இரண்டு மாதம் செய்ய முடியுமா என்பதைத்தான் தனித்தொட்டி வைக்கும் முன் ஒவ்வொருவரும் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு நாள் விட்டாலும், அதன் விலையைக் குஞ்சுகள்தான் கொடுக்கின்றன.

தொங்கு பெட்டியில் இந்தப் பாரம் முழுவதையும் பொதுத்தொட்டி ஏற்றுக்கொள்கிறது. நான் சொல்வது தொட்டிக்கு உள்ளே மிதக்கும் வலைப் பெட்டி அல்ல. மற்ற சிக்லிட்கள் அந்த வலையோடு ஒட்டி நிற்கும் குஞ்சுகளை வெளியிலிருந்தே கடித்திழுக்கும், வலைக்கண்களும் விரைவில் பாசியால் அடைபட்டுவிடும். தொட்டியின் வெளிச்சுவரில் மாட்டும் பிளாஸ்டிக் பெட்டியில், ஏர் பம்ப் தரும் குமிழிகள் ஒரு குழாய் வழியே தொட்டித் தண்ணீரை மேலேற்றும். மறுமுனையில் உள்ள மெல்லிய சீப்புத் திறப்பு வழியே அது மீண்டும் தொட்டிக்குள் வழியும். பெட்டியின் கொள்ளளவு இரண்டு லிட்டர்தான் என்றாலும், குஞ்சுகள் வாழ்வது பழகிய ஃபில்டர் உள்ள பெரிய தொட்டியின் தண்ணீரில். வெப்பமும் அதே வெப்பம். தனி ஹீட்டர் தேவையில்லை. வழக்கமான வாராந்தரத் தண்ணீர் மாற்றம் இரண்டுக்கும் ஒருசேரப் போதும். தினசரி வேலை என்று மிஞ்சுவது, தீவனம் போட்ட கொஞ்ச நேரத்தில் ஏர் டியூப் ஒன்றால் அடியில் கிடக்கும் மிச்சத்தை உறிஞ்சி எடுப்பதும், திறப்பில் மெல்லிய ஸ்பாஞ்ச் துண்டு வைத்திருந்தால் அதைக் கழுவுவதும்தான். திறப்பு அடைபட்டால் தண்ணீர் பெட்டியின் விளிம்பைத் தாண்டி வழியக்கூடும் என்பதால் இந்த இரண்டாவது வேலையைத் தள்ளிப்போடக் கூடாது.

இன்னொரு வசதியும் உண்டு. பெட்டி கண்ணுக்கு நேராக இருப்பதால் குஞ்சுகள் தின்றனவா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. ஆர்ட்டீமியா போட்ட சில நிமிடங்களில், கண்ணாடிபோல் தெளிந்திருந்த வயிறுகள் ஒவ்வொன்றாக ஆரஞ்சு நிறத்தில் உருண்டு தெரியும். வயிறு நிறம் மாறாத குஞ்சு இருந்தால் உடனே கண்ணில் படும். எல்லாமே நிரம்பிவிட்டால் அடுத்த துளி தேவையில்லை என்பதும் தெரிந்துவிடும். தண்ணீர் கெடாமல் இருப்பதற்கு இந்த அளவறிதலே பாதிக் காரணம்.

இந்த வழியின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். நூறுக்கு மேல் வரும் ஒரு முழு ஈட்டை, அதாவது ஒரே முறையில் பொரிந்த குஞ்சுகள் அனைத்தையும், அந்தப் பெட்டி தாங்காது. குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய சில நாட்களில் முப்பது போல மட்டும் ஏர் டியூபால் உறிஞ்சிப் பெட்டிக்கு மாற்றிவிட்டு, மீதியைப் பெற்றோரிடமே விடுவதுதான் என் வழக்கம். மொத்தமாக எடுத்துவிட்டால் ஜோடி உடனே மறுபடி முட்டையிடத் தொடங்கிவிடுகிறது. சில ஜோடிகளில் ஆண், காக்க எதுவும் இல்லாத நிலையில், பெண்ணையே துரத்துவதும் உண்டு. பொதுத்தொட்டியில் வெண்புள்ளி நோய் வந்தால் அது பெட்டிக்கும் வரும். தனித்தொட்டிக்கு அந்த ஆபத்து குறைவு. வளர வளர இடமும் போதாமல் போகும். ஒரு மாதத்துக்குள் பெட்டியில் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டிவரும். தொட்டியில் உள்ள பெரிய மீனின் வாய்க்குள் நுழையாத அளவுக்கு, என் தொட்டியைப் பொறுத்தவரை இரண்டரை சென்டிமீட்டர், வளர்ந்தபின் பாறை இடுக்குகள் நிறைந்த பக்கமாக, விளக்கணைத்த பிறகு இறக்கிவிடுகிறேன். ஆஸ்கர் போன்ற பெருவாய் மீன் இருக்கும் தொட்டியில் இந்தக் கணக்குச் செல்லாது.

இவையெல்லாம் தரையில் முட்டையிட்டு இருவருமாகக் காக்கும் சிக்லிட்களை வைத்துச் சொன்னவை. வாயில் அடைகாக்கும் மலாவி ஏரி வகைகளின் குஞ்சுகள், தாயின் வாயில் மூன்று வாரம் போல இருந்து, வெளியே வரும்போதே பொடித்த தீவனத்தைத் தின்னும் அளவில் இருப்பதால், அவற்றுக்குத் தொங்கு பெட்டி இன்னும் எளிதாகவே அமைகிறது. ஏஞ்சல் மீன்களில் எனக்குள்ள அனுபவம் குறைவு. அவை முட்டையைத் தாமே தின்றுவிடுவது அடிக்கடி நடப்பதால், பலர் முட்டை ஒட்டிய இலையையே எடுத்துத் தனியே பொரிக்க வைக்கிறார்கள். டிஸ்கஸ் என்ற சிக்லிட் வகையை வளர்ப்பவர்கள் மட்டும் இந்த ஒப்பீட்டை ஒதுக்கிவிடலாம்: அதன் குஞ்சுகள் முதல் நாட்களில் பெற்றோரின் தோலில் சுரக்கும் சளியைத் தின்றே வளர்வதால், அவற்றைப் பெற்றோரிடமிருந்து பிரிக்காமல், மற்ற மீன்களைத்தான் வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். முழு ஈட்டையும் வளர்த்து மற்றவர்களுக்குக் கொடுக்க நினைப்பவர்களுக்கும், தினமும் தண்ணீர் மாற்ற நேரமும் பொறுமையும் உள்ளவர்களுக்கும் தனித்தொட்டியே ஏற்றது. அவர்கள் முட்டையைப் பார்த்தபின் அதைத் தயார் செய்யாமல், ஜோடி சேர்ந்த அன்றே ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் பொதுத்தொட்டியில் ஓடவிட்டு வைப்பது நல்லது.